சிரேடிக் கணக்கில் நடுநாள்

முதல் நாள் நான்கு திரம்மம் தானம் கொடுத்த ஒருவன், அடுத்தடுத்த நாள்களில் முந்திய நாளினும் ஐந்து திரம்மம் கூட்டிக் கூட்டிக் கொடுத்து வந்தானாயின், ஒரு பட்சமாகிய 15 நாளில் அவன் கொடுத்த திரவியம் எவ்வளவு என்று, 1114-ஆம் ஆண்டிற் பிறந்து, 1150-இல், தம் 36-ஆம் பிராயத்தில், ‘சித்தாந்த சிரோமணி’யை இயற்றிய பாஸ்கராசாரியர், அதன் முதற்பகுதியாகிய ‘லீலாவதி’யின் சிரேடி வியவகாரத்தில் வினவுகின்றார். இன்று நம் பள்ளிக்கூடங்களில் கூட்டுத்தொடர் என்னும் பெயரோடு நடத்தப்படும் பாடம் இதுவேயாயினும், நாம் அதைச் சூத்திரத்திலிருந்து தொடங்குகிறோம். பழைய ஆசாரியர்களின் உதாரணங்களையோ, ஒவ்வொரு நாளாகக் கூட்டிப் பார்க்கும் பொறுமை உள்ளவனே முழுமையாக அனுபவிக்க முடியும் என்பது என் எண்ணம்.

அவ்வாறு கூட்டிப் பார்ப்போம். முதல் நாள் 4. இரண்டாம் நாள் 9, ஆகக் கூடுதல் 13. மூன்றாம் நாள் 14, கூடுதல் 27. நான்காம் நாள் 19, கூடுதல் 46. ஐந்தாம் நாள் 24, கூடுதல் 70. இப்படியே போகும் மாணாக்கன் எட்டாம் நாளுக்கு வரும்போது அன்றைய தானம் 39 என்று எழுதுவான். அதற்கு முந்திய நாள் 34, பிந்திய நாள் 44; இவ்விரண்டும் சேர்ந்து 78, அதாவது 39-இன் இரட்டிப்பு. இன்னும் ஒரு நாள் விலகினால் 29-உம் 49-உம், அப்போதும் 78. கடைசியில் முதல் நாளின் 4-உம் பதினைந்தாம் நாளின் 74-உம் கூட அதே 78 என்று காணும் போது, எல்லா நாளும் எட்டாம் நாளைப் போலவே கொடுத்திருந்தாலும் மொத்தம் மாறாது என்பது ஒருவர் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடும். 39-ஐ 15-ஆற் பெருக்க 585. அந்நூலின் வாய்பாட்டின்படி 16 திரம்மம் ஒரு நிஷ்கமாதலால், அந்தத் தாதா ஈந்தது 36 நிஷ்கமும் 9 திரம்மமும் ஆகும். நடுநாளின் தொகையை மத்யதனம் என்றும், மொத்தத்தை ஸர்வதனம் என்றும் ஆசாரியர் வழங்குகின்றார்.

நாள்களின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் நடுநாளுக்கு எங்கே போவது? முதல் நாள் 7, நாள்தோறும் ஏற்றம் 5, நாள்கள் 8 என்னும் உதாரணத்தை எடுத்துக்கொண்டு, இங்கே நடுநாள் என்று ஒன்று இல்லாமையால் நடுவுக்கு இருபுறமும் உள்ள நாள்களின் தொகையிற் பாதியைக் கொள்க என்று பாஸ்கரரே தெளிவுபடுத்துகிறார். நான்காம் நாள் 22, ஐந்தாம் நாள் 27, பாதி 24½, எட்டு மடங்கு 196. இல்லாத ஒரு நாளுக்கும் மதிப்புக் கட்டிக் கணக்கை முடிக்கும் இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த விதி பாஸ்கரருடைய கண்டுபிடிப்பன்று. 499-இல் ஆரியபடர் இயற்றிய ‘ஆரியபடீய’த்தின் கணிதபாதத்திலேயே இது இருக்கிறது, முதலையும் கடையையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியாற் பெருக்கலாம் என்ற மாற்று வழியும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. 1777-இற் பிறந்த ஜெர்மானிய மேதை காஸ், சிறுவனாயிருந்தபோது வகுப்பிலே இத்தகைய கூட்டலை நொடியில் முடித்தார் என்னும் கதையைக் கேட்டு வியப்பவர்கள் இதையும் அறிந்திருப்பது நலம். ஆனால் யார் முந்தியவர் என்று வழக்காடுவது கணக்குக்கு உதவாது. கேரளத்து நீலகண்ட சோமயாஜி ‘ஆரியபடீய’த்துக்கு வரைந்த பாஷ்யத்தில், ஒவ்வொரு நாளின் தொகையையும் ஒரு பட்டையாக வரைந்து அடுக்கி, அவ்வாறு உண்டாகும் படிக்கட்டுப் போன்ற உருவத்தோடு அதே போன்ற மற்றொன்றைத் தலைகீழாகப் பொருத்தினால் இரண்டும் சேர்ந்து நீள்சதுரமாகும் என்று காட்டி, விதியைக் கண்ணுக்குப் புலனாக்குகிறார். கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் உள்ள எந்த வகுப்பிலும் இதைச் செய்துவிடலாம்.

கூட்டிப் பார்ப்பதன் லாபம் இதைவிட அதிகமாக வெளிப்படுவது, வினாவைத் திருப்பிக் கேட்கும்போது. முதல் நாள் 3 திரம்மம், நாள்தோறும் ஏற்றம் 2, மொத்தம் 360. எத்தனை நாள் என்கிறது ‘லீலாவதி’. ஆரியபடரின் விதிப்படி, 360-ஐ எட்டாலும் ஏற்றத்தாலும் பெருக்க 5760. முதலின் இரட்டிப்பாகிய 6-க்கும் ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 4, அதன் வர்க்கம் 16. இரண்டும் கூட்ட 5776. அதன் மூலம் 76. அதில் 6 போக 70. ஏற்றத்தால் வகுக்க 35. ஒன்று கூட்ட 36. பாதி 18 நாள். விதி பிசகாது, ஆயினும் அதன் காரணம் மாணாக்கனுக்கு எட்டுவது துர்லபம். அவனே நாள் நாளாகக் கூட்டினால் 3, 8, 15, 24, 35 என்று தொகைகள் வருகின்றன. இவை ஒவ்வொன்றும் 4, 9, 16, 25, 36 என்னும் வர்க்கங்களுக்கு ஒன்று குறைவு என்று ஐந்தாம் வரியில் கண்டுகொண்டவன், 360 என்பது 361-க்கு ஒன்று குறைவு, 361 என்பது 19-இன் வர்க்கம், ஆகவே நாள் 18 என்று தாவிவிடுவான். எல்லா எண்களுக்கும் இவ்வளவு சௌகரியமாக வாய்க்காது என்பது மெய்தான். ஆனால் ஒருமுறை வாய்த்தவன் சூத்திரத்தை அடிமையைப் போல ஓதமாட்டான்.

1881-இல் பெஷாவருக்கு அருகே பக்ஷாலி கிராமத்தில் மண்ணிலிருந்து கிடைத்த பூர்ஜபத்திர ஏட்டில், வெவ்வேறு முதலும் வெவ்வேறு ஏற்றமும் உடைய இரு வழிப்போக்கர் எப்போது சமதூரம் சென்றிருப்பர் என்னும் வகைக் கணக்குகள் உள்ளன. எண்களை நாமே வைத்துக்கொண்டு, ஒருவன் 10-இல் தொடங்கி 2 ஏற்றியும், மற்றவன் 4-இல் தொடங்கி 5 ஏற்றியும் நடப்பதாகப் பாவிப்போம். இருவரும் ஐந்தாம் நாள் முடிவில் 70 சென்றிருப்பர். மூன்றாம் நாளில், அதாவது நடுநாளில், இருவர் நடையும் 14.

நாள் நாளாகக் கூட்டுபவன் தொடக்கத்திலேயே திகைத்து நிற்கும் கணக்கும் ஒன்று உண்டு. பகைவனுடைய யானைகளைக் கவரப் புறப்பட்ட அரசன் ஒருவன் முதல் நாள் 2 யோஜனை சென்றான். 80 யோஜனைக்கு அப்பாலுள்ள நகரை 7 நாளில் அடைந்தான். நாள்தோறும் அவன் ஏற்றியது எவ்வளவு? ஏற்றமே தெரியாதபோது இரண்டாம் நாளை எழுதுவதெங்ஙனம்? இங்கே நடுநாளே கைகொடுக்கிறது. 80-ஐ ஏழால் வகுத்த 11 3/7 நான்காம் நாளின் நடை. அதில் முதல் நாளின் 2 போக, எஞ்சிய 9 3/7 மூன்று ஏற்றத்தின் பயன். ஆகவே ஒரு நாள் ஏற்றம் 3 1/7. ‘லீலாவதி’யின் அளவைப்படி யோஜனை ஒன்றுக்கு 32,000 முழமாதலால், ஏழாம் நாளில் 20 6/7 யோஜனை நடந்த அந்தச் சேனையின் கால்களை எண்ணி நாம் இரங்க வேண்டியதுதான். விடை சரியா என்று அறிய மாணாக்கன் மறுபடியும் கூட்டட்டும்: 2, 5 1/7, 8 2/7, 11 3/7, 14 4/7, 17 5/7, 20 6/7. முழு எண்கள் 77, பின்னங்கள் ஒன்று முதல் ஆறு வரை ஏழிலொன்றுகளாய் ஏறி 21/7, அதாவது 3, ஆக 80.