'கேட்' வாசல் அன்று: யார்க் நகரத் தெருப்பெயர்கள்

இங்கிலாந்தின் யார்க் நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் பெருந்தேவாலயத்தையும் கோட்டைமதிலையும் கண்டு திரும்புகின்றனர். அந்நகரின் தெருப்பெயர்களும் அவற்றுக்கு இணையான தொல்சான்றுகளே.

கி.பி. 71-இல் உரோமானியர் அங்கு நிறுவிய படைத்தளம் எபோராக்கம். ஆங்கிலோ-சாக்சனியர் அதனை எயோவர்விக் என்றனர். 866-இல் நகரைக் கைப்பற்றிய வைக்கிங்குகளின் நாவில் அது யோர்விக் ஆயிற்று. அதன் திரிபே யார்க். 954-இல் கடைசி வைக்கிங் அரசன் எரிக் வெளியேற்றப்பட்டான். ஆட்சி அகன்றது, சொற்கள் அகலவில்லை.

மிக்கிள்கேட், காப்பர்கேட் முதலிய பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'கேட்' வாசலைக் குறிப்பதன்று. தெருவைக் குறிக்கும் 'காட்டா' என்னும் பழைய நோர்சு மொழிச் சொல்லின் வழிவந்தது அது. மதில் வாசலுக்கு அங்கு 'பார்' என்று பெயர். ஆகவே மிக்கிள்கேட் பார் என்பது 'பெருந்தெரு வாசல்'.

காப்பர்கேட்டுக்கும் செம்புக்கும் தொடர்பில்லை. அது மரக்கிண்ணம் கடைவோர் தெரு. 1976 முதல் 1981 வரை அங்கு நிகழ்ந்த அகழாய்வில் மரக்கிண்ணங்களும் கடைசல் கழிவுகளும் கிடைத்தன. பெயர் சொன்னதை மண் உறுதிசெய்தது. அவ்விடத்திலேயே 1984-இல் யோர்விக் காட்சியகம் திறக்கப்பட்டது.

எரிக்கின் பெயர் அவன் வெளியிட்ட நாணயங்களில் உள்ளது. கிண்ணம் கடைந்தோருக்கு நாணயமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. தெருவின் பெயரே அவர்தம் ஆவணம். பழைய தெருப்பெயர் ஒன்றை மாற்ற முனைவோர், எவருடைய ஆவணம் அழிகிறது என்று முதலில் வினவ வேண்டும்.