கட்டடத் தொழிலில் ‘புதுமை’ என்னும் சொல்

தில்லி போகல் பகுதியில் நான் கட்டடப் பொருள் கடை வைத்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பொறியியல் படித்தவனல்லன். கல்லாவில் உட்கார்ந்து கேட்டதும், கடை அடைத்த பின் வாசித்ததுமே என் கல்வி. அந்தத் துணிவில் ‘புதுமை’ என்னும் சொல்லைப் பற்றிச் சில செய்திகளை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

இத்தொழிலில் அச்சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு. பொறியாளர் “புது டெக்னாலஜி” என்பார். காண்டிராக்டர் “எத்தனை நாள் மிச்சமாகும், சதுர அடிக்கு எவ்வளவு குறையும்?” என்பார். கொத்தனார் கேட்பது ஒன்றே: “கைக்கு ஒத்து வருமா?”

என் கடைக்குப் பக்கத்திலேயே, ஜங்புராவில், இதற்கு ஒரு வரலாறு உண்டு. பிரிவினையின்போது தில்லியில் வந்து குவிந்த அகதிகளுக்கு வீடில்லை. 1948ல் மத்திய அரசு இங்கே ஒரு வீட்டுத் தொழிற்சாலையை நிறுவியது. சுவர்ப் பலகைகளை ஆலையில் வார்த்து, மனைக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவது திட்டம். மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிவிட்டு வந்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் வீட்டுவசதி இயக்குநராக இதில் பாடுபட்டார். ஆனால் பலகைகள் விரிசல் விட்டன. நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. எண்ணியபடி வீடுகள் வரவில்லை.

ஆலை மட்டும் பிழைத்தது. 1953ல் ‘இந்துஸ்தான் ஹவுசிங் ஃபேக்டரி’ என்ற நிறுவனமாகி, 1978ல் ‘இந்துஸ்தான் பிரீஃபேப்’ என்று பெயர் மாறியது.

2021 சனவரி முதல் நாள், ஆறு நகரங்களில் ‘லைட் ஹவுஸ்’ வீட்டுத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அவற்றுள் ஒன்று சென்னை பெரும்பாக்கம். முன்வார்த்த கான்கிரீட் உறுப்புகளைப் பூட்டிக் கட்டிய அந்த 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. அப்போதும் இதைப் புதிய தொழில்நுட்பம் என்றே சொன்னார்கள். எழுபது வருஷத்துப் பழைய யோசனை எப்படிப் புதுமையாகும் என்று சிலர் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வாடிக்கையாளருக்கு ஏஏசி எனப்படும் எடை குறைந்த கட்டடக் கல் விற்றேன். அதை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தனிப்பசை பூசி ஒட்டுவது முறை. நான் பசை மூட்டை கொடுக்கவில்லை. கடையில் இருப்பும் இல்லை. கொத்தனார் செங்கல்லுக்குப் போடுவதுபோல் சாந்தைக் கனமாகப் போட்டுக் கட்டினார். பூச்சு வெடித்தது. பொறியாளர் “கொத்தனாருக்குப் பயிற்சி இல்லை” என்றார். காண்டிராக்டர் “சரக்கு சரியில்லை” என்று சொல்லிக்கொண்டே கொத்தனார் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கொத்தனார் கடைக்கு வந்து கேட்டதை இன்றும் மறக்க முடியவில்லை: “லாலாஜி, கல்லு புதுசுன்னு சொன்னாங்க. ஒட்டுற விதமும் புதுசுன்னு யாரும் சொல்லலையே?”

அன்றுதான் எனக்கு விளங்கிற்று. கட்டடத்தில் ஒரு பொருள் சந்தைக்கு வந்ததும் புதுமை ஆகிவிடுவதில்லை. அதை இணைக்கும் முறை கடைசிக் கை வரை போய்ச் சேரும்போதுதான் ஆகிறது. கருத்து பழையதாக இருக்கலாம். ஒவ்வொரு மனையிலும் கை அதைப் புதிதாகத்தான் கற்க வேண்டியிருக்கிறது. கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டு, விரிசலை மட்டும் கொத்தனார் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

பிடித்த கூலியை நான் என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் அந்தக் கல் கேட்டு வருகிறவர்களிடம், “கொத்தனாரையும் கூட்டிக்கிட்டு வாங்க” என்றுதான் சொல்கிறேன்.