விலோம விதியும் நேர்மாறு சார்பும்

கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பல உள. தோட்டங்களில் மரம் சீவுவோர் கொணரும் பாலை நிறுத்து, அதிலுள்ள உலர் இரப்பரைக் கணக்கிட்டு ஏட்டிற் பதிவது கிராணியின் வேலை. 20 கிலோ பாலில் நூற்றுக்கு 30 பங்கு இரப்பர் எனின், உலர் எடை 6 கிலோ. ஏட்டில் 6 கிலோ என்று மட்டும் இருப்பின், நிறுத்த பால் எவ்வளவு? 6-ஐ 100-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 20 கிலோ என்பது தெரிந்துவிடும். தன் உழைப்பின் கணக்கைச் சரிபார்க்க விழையும் தொழிலாளிக்கு இப்பின்னோக்கிய கணக்கே துணை. இதனையே இக்கால இயற்கணிதம் நேர்மாறு சார்பு என்கிறது.

இக்கருத்து மிகப் பழையது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் ஆரியபடீயத்தில் இதனை ஒரே செய்யுளில் விதியாக்கினார். பெருக்கலுக்கு வகுத்தலும், கூட்டலுக்குக் கழித்தலும் மாற்றாகும் என்பது அதன் சாரம். 628-இல் பிரம்மகுப்தர் வர்க்கத்திற்கு வர்க்கமூலத்தை மாற்றாகக் கூறினார். 1150-இல் பாஸ்கரர் லீலாவதியில் இவ்விதிக்குப் பயிற்சிக் கணக்குகளும் அமைத்தார். விலோமம் என்பதற்கு எதிர்முறை என்பது பொருள்.

இங்கு வரிசையே உயிர். ஓர் எண்ணை 3-ஆல் பெருக்கி 5 கூட்ட 26 வந்ததெனக் கொள்வோம். இறுதியிற் செய்த கூட்டலை முதலில் நீக்க 21. பின்னர் 3-ஆல் வகுக்க 7. வரிசையை மாற்றி முதலில் வகுத்தால் விடை பிழைபடும்.

சார்பு என்னும் பொதுக்கருத்து ஐரோப்பாவில் பின்னரே உருவாயிற்று. சார்பின் குறிக்கு மேல் −1 எழுதி நேர்மாற்றைக் குறிக்கும் வழக்கத்தை 1813-இல் ஜான் ஹெர்ஷல் கையாண்டார். அக்குறி 'ஒன்றின் கீழ்' என்னும் பொருளதன்று. மாணவர் பலர் தடுமாறுமிடம் இதுவே. திரும்பும் வழி ஒன்றுதானா என்னும் வினாவையும் புதிய கணிதம் எழுப்பிற்று. 3-இன் வர்க்கமும் −3-இன் வர்க்கமும் 9 ஆதலின், 9-இலிருந்து திரும்புவோர்க்கு இரு வழிகள் உள. எண்களின் எல்லையை வரையறுத்தாலன்றி வர்க்கத்திற்கு நேர்மாறு சார்பு அமையாது.

பாலிங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாண்டு பயின்றபின் இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தில் இப்பாடம் 'ஃபுங்சி சொங்சாங்' என்னும் மலாய்ப் பெயரோடு வருகிறது. பெயர் புதிதாதலின் பொருளும் புதிதென அஞ்சிப் பின்வாங்குவோர் உண்டு. 'நான் நினைத்த எண் யாது?' என்று கேட்டு விடைகாணும் தொடக்கப்பள்ளிக் கணக்கிலேயே, இறுதிச் செயலை முதலில் நீக்கும் நெறியைத் தமிழாசிரியர் தெளிவுறக் காட்டிவிட்டால், அவ்வச்சம் எழ இடமில்லை.