நேரமும் நூலகமும் நல்ல துணையும்

பங்கு அலுவலகத்தின் கதவைச் சாத்தும் வேளையில் அம்மையார் ஒருவர் வந்து நின்றார். கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றுபவர்; இரண்டு பிள்ளைகளின் தாய்; ஞாயிறுதோறும் நம் பங்கில் மறைக்கல்வி வகுப்பும் நடத்துபவர். வேறோர் ஊரில் நிலையான பணியிடத்திற்கு விண்ணப்பிக்க நன்னடத்தைச் சான்று கேட்டு வந்திருந்தார். கையிலிருந்த படிவத்தில் ஒரு பகுதியை நமக்குச் சுட்டிக் காட்டினார். வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் என்று தலைப்பிட்டு, அதன் கீழே பத்து வரிசைகள் விடப்பட்டிருந்தன. அவர் நிரப்பியிருந்தது ஒரே ஒரு வரிசை. “நான் சோம்பேறி இல்லையே சாமி! பிறகு ஏன் இந்தக் கட்டம் மட்டும் நிரம்பவே மாட்டேன் என்கிறது?” என்றார்.

சான்றில் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். கேள்விக்கு விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அன்றிரவு அக்கேள்வி நம்மை விட்டு அகலவுமில்லை. ஒரு பல்கலைக்கழக ஆசிரியரை எழுதத் தூண்டுவது எது? எழுதவிடாமல் தடுப்பது எது? அவரவர் உழைப்பும் திறமையுமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. வரலாறு அப்படிச் சொல்கிறதா என்று பார்ப்போம்.

மூன்று கடமைகள்

பல்கலைக்கழகம் என்னும் அமைப்பு ஐரோப்பாவில் உருப்பெற்றபோது, ‘ஆய்வு’ என்று தனியாக ஒரு கடமை ஆசிரியர்மீது சுமத்தப்படவில்லை. பாரிஸ் நகரத்துப் பள்ளிகளில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆசிரியருக்கு மூன்று கடமைகள் கூறப்பட்டன: வாசித்து விளக்குதல், வாதித்துத் தெளிதல், மறையுரை ஆற்றுதல். நூல்கள் இவற்றிலிருந்தே பிறந்தன. புனித தோமா அக்வினாஸ் 1268 முதல் 1272 வரை பாரிஸில் இரண்டாம் முறையாகக் கற்பித்த நான்காண்டுகளில் எழுதிக் குவித்தவை இன்றும் வியப்பூட்டுகின்றன. மேதை என்று சொல்லி நாம் நின்றுவிடலாகாது. அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு உதவியாளர்கள் இருந்தனர். உணவும் உறைவிடமும் அவருடைய துறவற சபையின் பொறுப்பு. வகுப்பறை வாதங்களே அவருக்கு எழுதும் பொருளைத் தந்தன. கற்பித்தல் ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமும் அவரை இழுக்கவில்லை.

1810இல் பெர்லினில் வில்லெம் வான் ஹம்போல்ட்டின் திட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம், கற்பித்தலும் புதியன தேடுதலும் ஒரே ஆசிரியரின் பணி என்பதைக் கொள்கையாகவே ஏற்றது. ஆனால் 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது இலண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி ஆயிற்று. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே அவற்றின் வேலை. 1904ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே அவை தாமே கற்பிக்கவும் ஆய்வுத் துறைகளை அமைக்கவும் வழி பிறந்தது. ஆகவே நம் விரிவுரையாளர்களின் முன்னோர் பாடம் சொல்லித் தேர்வுக்கு ஆயத்தம் செய்வோராகவே நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தனர். அந்த வழக்கத்தின் நிழல் இன்னும் முழுதும் நீங்கியபாடில்லை.

கல்கத்தாவில் ஒரு நாற்காலி

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அங்கே மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம், பயன்படுத்துவோர் அதிகமின்றிக் கிடந்தது. அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் இராமன் அங்கே உழைத்தார். முன்னாள் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1917இல் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் பாலித் பேராசிரியராக அமர்ந்தார். அரசுப் பணியின் ஊதியத்தில் ஏறத்தாழ பாதியே அப்பதவியின் ஊதியம். எனினும் அதில் அரிய சலுகை ஒன்று இருந்தது. அவருடைய ஆய்வுக்கு ஊறு நேரும் வகையில் வகுப்புகள் எடுக்குமாறு கட்டாயப்படுத்துவதில்லை என்று பல்கலைக்கழகம் உறுதியளித்தது. அயல்நாட்டுப் பயிற்சி வேண்டும் என்னும் நிபந்தனையும் அவருக்காகத் தளர்த்தப்பட்டது. கட்டாயம் இல்லாதபோதும் இராமன் விரும்பிக் கற்பித்தார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

நேரம் கிடைத்தது, கூடம் கிடைத்தது, துணையும் கிடைத்தது. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் செய்முறை விளக்குநராக இருந்துவிட்டுக் கல்கத்தா சென்று, 1923 முதல் இராமனின் ஆய்வுக் குழுவில் உழைத்தார். 1926இல் இராமன் இந்திய இயற்பியல் இதழைத் தொடங்கினார். 1928 பிப்ரவரி 28இல் ஒளிச்சிதறலின் புதிய விளைவு உறுதியாயிற்று. அதை விரிவாக உரைத்த கட்டுரை அவ்விதழிலேயே உடனடியாக வெளிவந்து அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பி வைக்கப்பட்டது. மாஸ்கோவிலும் அதே காலத்தில் அதே விளைவைச் சிலர் கண்டிருந்தனர். சொந்த இதழ் இல்லாதிருந்தால் கல்கத்தாவின் குரல் அத்துணை விரைவில் உலகுக்குக் கேட்டிருக்குமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது. 1930இல் நோபல் பரிசு வந்தது. நாம் பரிசை நினைவில் வைத்திருக்கிறோம். அந்த நாற்காலியை அமைத்துக் கொடுத்த துணைவேந்தரை மறந்துவிட்டோம்.

திறக்கத் தயங்கிய கதவு

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. இராமன் 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அவ்வாண்டு கமலா சோஹோனி என்னும் இளம்பெண் அங்கே ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் விடாது வாதாடிய பிறகே, முதலாண்டு தகுதிகாண் காலம் என்னும் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னர் அவர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 1940 முதல் இராமனின் ஆய்வுக்கூடத்தில் உழைத்த அன்னா மணி, ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தம் பெயரில் மட்டும் வெளியிட்டார். ஆயினும் முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்க மறுத்தது. தமக்கு ஒரு நிபந்தனை தளர்த்தப்பட்டதால் உயர்ந்த மேதையே பிறருக்கு நிபந்தனை விதிப்பவராக நின்றதையும், தளர்த்துவார் எவருமின்றி அன்னா மணி நின்றதையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, ‘தகுதி’ என்று நாம் அழைப்பதில் எத்துணைப் பங்கு பிறர் திறந்துவிட்ட கதவு என்பது புலனாகிறது.

ஆண்டுகளைக் கேட்ட அகராதி

விளைச்சல் என்றால் ஆண்டுதோறும் அறுப்பது என்று நாம் பழகிவிட்டோம். நெல்லும் ஒரு பயிர்தான்; பனையும் ஒரு பயிர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் ஜே. எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கியது. அதன் முதல் பகுதி அச்சாகி வந்தது 1924இல்தான். 1926இல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை, 1936இல் ஆறு தொகுதிகளையும் நிறைவு செய்தார். இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதியை இன்றும் ஆய்வாளர் எவரும் தவிர்க்க இயலாது. தொடங்கிய ஐந்தாம் ஆண்டில் எவரேனும் வந்து ‘இதுவரை வெளியிட்டவை எத்தனை?’ என்று கேட்டிருந்தால், ‘ஒன்றுமில்லை’ என்பதே விடையாக இருந்திருக்கும். விடாது பொருளுதவி செய்து காத்திருந்த பொறுமையும் அந்நூலின் ஆசிரியர்களுள் ஒருவர் என்றே நாம் கருதுகிறோம்.

இதழ் நடத்திய விரிவுரையாளர்

இவ்விதழின் வாசகர்கள் நன்கறிந்த தனிநாயகம் அடிகளாரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்து, உரோமையில் இறையியல் கற்றுக் குருவான அவர், தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கியது ஏறத்தாழ முப்பது வயதில், வடக்கன்குளத்துப் பள்ளியில் பணியாற்றிய நாள்களில்தான். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் பயின்றார். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானபோது அவருக்குக் கிடைத்தது தமிழ்த்துறை அன்று, கல்வித்துறை. இதைக் குறையாகக் கொண்டு அவர் வாளாவிருக்கவில்லை. பழந்தமிழரின் கல்விச் சிந்தனைகளையே இலண்டனில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாக்கிக்கொண்டார். வகுப்பறையில் சொல்வதும் இரவில் எழுதுவதும் ஒன்றாயின.

அதே 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழறியாத அறிஞர்களும் தமிழைப் பற்றி எழுதவும் படிக்கவும் அது களமாயிற்று. பயணங்களில் நூலகங்களைத் தேடிச் சென்றார். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்விச் சிறுநூலை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்துப் பிரதியிலிருந்து 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமையேற்றார். 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது.

இவை யாவும் ஒருவரின் ஆற்றல் என்று வியப்பதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. தாம் எழுதுவதற்கு முன் பிறர் எழுதுவதற்கு இடம் அமைத்தார். அந்த இடத்தில் வந்து சேர்ந்த நட்புகள் அவரை மேலும் எழுதச் செய்தன. இன்னொன்றையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். அவர் குரு. உலை வைக்கவும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அருகே விழித்திருக்கவும் வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அன்று மாலை நம்மிடம் வந்த அம்மையாருக்கு அவரை முன்மாதிரியாகக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நீதியாகாது.

எண்ணிக்கையின் காலம்

2010இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர்களின் பணிகளுக்குப் புள்ளிகள் வகுத்து, அவற்றைப் பதவி உயர்வோடு இணைத்தது. 2018இல் அம்முறை திருத்தப்பட்டது. ஆய்வை ஊக்குவிக்க வேண்டும் என்பதே நோக்கம், அதில் ஐயமில்லை. ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் எண்ணிக்கைதான் பெருகும். பணம் கொடுத்தால் எதையும் அச்சிடும் போலி இதழ்கள் காளான்போல் முளைத்தன. அதே 2018ஆம் ஆண்டு விதிகள் உதவிப் பேராசிரியர் வாரத்திற்கு 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும் என்கின்றன. பாடத்தை ஆயத்தம் செய்வதும் விடைத்தாள் திருத்துவதும் படிவங்கள் நிரப்புவதும் அதற்கு அப்பால். ஆசுதோஷ் முகர்ஜி தந்த சலுகையின் பொருள் இப்போது நமக்கு இன்னும் தெளிவாகிறது.

எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹிக்ஸ் 1964இல் எழுதிய சின்னஞ்சிறு கட்டுரைகள், துகள்களுக்கு நிறை எவ்வாறு வாய்க்கிறது என்பதை விளக்கின. 2012இல் ஜெனிவாவை அடுத்த ஆய்வகம் அவர் முன்னுரைத்த துகளைக் கண்டது. 2013இல் நோபல் பரிசு பெற்றார். அக்கட்டுரைகளுக்குப் பின் வாழ்நாள் முழுவதும் அவர் வெளியிட்டவை பத்துக்கும் குறைவு. அண்மையில் வெளியிட்டவை யாவை என்று துறையில் கேட்கும்போதெல்லாம் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அனுப்புவாராம். இன்றைய முறையில் தமக்கு வேலையே கிடைத்திராது என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். 2024இல் அவர் மறைந்தார்.

நம் கணக்கு

பிறர் கதையைச் சொல்லிவிட்டு நம் கதையை மறைப்பது முறையன்று. குருமடம் ஒன்றில் ஏழாண்டுகள் நாம் இறையியல் கற்பித்தோம். வகுப்புகள் மிகுதியில்லை, நூலகம் படியிறங்கினால் எட்டும் தொலைவில், உணவு மணியடித்தால் வந்துவிடும். எழுதி முடித்தது ஒரே ஒரு கட்டுரை. நேரமில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டோம். இப்போது எண்ணிப் பார்க்கையில் அது உண்மையன்று என்று உணர்கிறோம். என்ன படிக்கிறீர்கள், எங்கே சிக்கியிருக்கிறீர்கள், எழுதியவரை காட்டுங்கள் என்று கேட்பார் ஒருவருமில்லை. நாமும் எவரையும் கேட்டதில்லை. இராமனுக்குக் கிருஷ்ணன் இருந்தார். கிருஷ்ணனுக்கு இராமன் இருந்தார். அடிகளார் இதழ் வழியாகத் தம் துணைகளைத் தாமே தேடிக்கொண்டார். நேரமும் நூலகமும் இருந்தும் துணையின்றி நம் நிலம் தரிசாயிற்று. அந்த அம்மையாருக்கோ நேரமும் இல்லை, நூலகமும் இல்லை, நிலையான ஊதியமும் இல்லை. இருந்தும் ஒரு வரிசையை நிரப்பியிருக்கிறார். நாம் இருவரும் ஒரே எண்ணிக்கையில் நிற்கிறோம். அந்த எண் இருவரைப் பற்றியும் ஒன்றே சொல்கிறதா?

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அவரை அழைத்து, பங்கு மன்றத்தின் மாடியறைத் திறவுகோலைக் கொடுத்தோம். சனிக்கிழமை பிற்பகல்களில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள அருட்சகோதரிகள் இசைந்துள்ளனர். அவருடைய கட்டுரையின் பொருள் நெல்லைக் கடற்கரையின் பழைய அம்பாப் பாடல்கள். நமக்கு அதில் அறிவு மிகவும் குறைவு. ஆயினும் மாதம் ஒருமுறை அவர் எழுதியதை வாசித்துக் கேள்வி கேட்பதாக வாக்களித்திருக்கிறோம். அவருக்கு நிலையான பணி வாங்கித் தரும் ஆற்றல் நமக்கில்லை. அது அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியது. செய்யும்வரை திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய உழைப்பை அளந்துகொண்டிருக்க நமக்கு மனமில்லை.

சென்ற சனிக்கிழமை நான்கு பக்கங்கள் கொண்டுவந்தார். மூன்றாம் பக்கத்தில் நமக்கு ஓர் ஐயம் இருக்கிறது. வரும் வாரம் கேட்க வேண்டும்.