நூறு மணி நேரம் ஓயாத கணனி

வானொலியில் நேரத்தை அறிவிக்கும் மணியொலி கேட்டதும், நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருத்தி வைப்பது நம்மிற் பலருடைய இல்லங்களில் நாள்தோறும் நடந்துவந்த காரியம். அதற்காகக் கடிகாரம் பழுதுபட்டதென்று எவரும் சொன்னதில்லை. ஓடுகின்ற கடிகாரம் சிறிது பிசகும், பிசகியதைத் திருத்த வேண்டும் என்பது வீட்டுச் சிறுவனுக்கும் தெரிந்திருந்தது. இவ்வளவு எளிய உண்மை ஒரு போர்க் கணனியின் விஷயத்திற் கவனிக்கப்படாமற் போனதனால் 28 உயிர்கள் அழிந்தன. நேயர்களே, அந்த வரலாற்றையே இன்று சொல்ல வந்தேன்.

கணனிகளைப் பராமரிப்போர்க்கு ஒரு பெருமையுண்டு. வங்கியிலோ மருத்துவமனையிலோ ஏனைய கணனிகளுக்குத் தகவல் வழங்கிக்கொண்டிருக்கும் ‘சேர்வர்’ எத்தனை மாதம் நிறுத்தப்படாமல் இயங்கிவருகிறது என்பதைக் கொண்டே அதன் உறுதியை அளப்பார்கள். அந்தப் பெருமையைக் குறை கூறுவதற்கில்லை; சேர்வர் நின்றால் வேலையும் நிற்கும். ஆயினும் நிற்காமல் ஓடுவது வேறு, பிசகாமல் ஓடுவது வேறு.

1991 ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது, ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகளை வானிலேயே எதிர்கொண்டு அழிப்பதற்காக, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினர் பேட்ரியட் என்னும் ஏவுகணைத் தொகுதியை நிறுத்தியிருந்தனர். சோவியத் விமானங்களை எதிர்ப்பதற்கென முதலில் அமைக்கப்பட்டது அது. பகைவர் கண்ணிற் படாதிருக்கும் பொருட்டு ஓரிடத்திற் சில மணி நேரமே இயங்கி, பின் வேறிடம் பெயர்ந்து செல்லும் என்பது அதனை வகுத்தோரின் எண்ணம். தஹ்ரானிலோ அது பெயரவுமில்லை, ஓயவுமில்லை. பெப்ரவரி 25 ஆம் திகதி, அதன் கணனி 100 மணி நேரத்துக்கு மேலாக இடைவிடாது இயங்கிக்கொண்டிருந்தது.

அக்கணனி காலத்தைப் பத்திலொரு விநாடியாக எண்ணிவந்தது. பத்திலொன்று என்பது நமக்கு மிக எளிதான அளவு. ஆனால் மூன்றிலொன்றை நாம் தசமத்தில் எழுதப் புகுந்தால் மூன்று, மூன்று, மூன்று என்று முடிவின்றி நீள்கிறதன்றோ? ஒன்றையும் பூச்சியத்தையும் மாத்திரம் அறிந்த கணனிக்குப் பத்திலொன்றும் அத்தகையதே. 24 இலக்கங்களுக்கே அங்கே இடமிருந்தது; எஞ்சியதை வெட்டிவிட்டார்கள். ஒவ்வோர் எண்ணிக்கையிலும் இழந்தது, ஒரு விநாடியின் கோடியிலொரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. அதனை யார் பொருட்படுத்துவார்? ஆயின் 100 மணி நேரத்தில் 36 இலட்சம் எண்ணிக்கைகள் உண்டு. இழப்பெல்லாம் சேர்ந்து விநாடியின் மூன்றிலொரு பங்காயிற்று. ஒலியினும் ஐந்து மடங்கு விரைவாக வரும் ஸ்கட்டுக்கு அவ்வளவு நேரம் தாராளம். ராடார் நோக்கவேண்டிய இடம் 687 மீற்றர் விலகியது. கணனி அவ்விடத்தைப் பார்த்தது. வெறும் வானமே இருந்தது. பேட்ரியட் ஏவப்படவில்லை. ஸ்கட் படையினர் தங்கியிருந்த கூடத்தின்மேல் வீழ்ந்தது. மாண்ட 28 பேரும் அமெரிக்கப் போர்வீரர்.

இதிலே நெஞ்சை உறுத்துவது வேறொன்று. பிழை முன்னரே தெரிந்திருந்தது. எட்டு மணி நேரம் ஓடினாலே ராடாரின் நோக்கெல்லை 20 சதவீதம் விலகுகிறது என்பதைக் காட்டும் தரவுகள் இஸ்ரேலியரிடமிருந்து பெப்ரவரி 11 இல் அமெரிக்கர் கைக்கு எட்டின. 16 ஆம் திகதி திருத்திய மென்பொருள் வெளியிடப்பட்டது. 21 ஆம் திகதி படைகளுக்கு ஓர் எச்சரிக்கை சென்றது: மிக நீண்ட நேரம் இயக்கினால் விலகல் ஏற்படலாம் என்பது அதன் சாரம். மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி? அதைக் குறிப்பிடவில்லை. எவரும் அவ்வளவு நேரம் ஓட்டமாட்டார்கள் என்று அதிகாரிகள் கருதினராம். அமெரிக்கக் காங்கிரசுக்காகப் பொதுக் கணக்காய்வு அலுவலகம் 1992 இல் வெளியிட்ட அறிக்கை இவற்றையெல்லாம் எடுத்துரைக்கிறது. கணனியை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் அதன் காலக்கணக்குப் புதிதாக ஆரம்பிக்கும். அதற்குத் தேவைப்பட்டது 60 முதல் 90 விநாடி. அந்தச் சிறு பொழுதும் கொடுக்கப்படவில்லை.

நிறுத்தித் தொடங்குவதை இழுக்கென்று நினைக்க வேண்டியதில்லை. 1969 இல் அப்பல்லோ 11 சந்திரனில் இறங்கிய வேளையில், அதன் கணனி வேலைப் பளுவைத் தாங்காது தன்னைத்தானே பலமுறை புதிதாகத் தொடங்கிக்கொண்டது. அவசியமற்ற பணிகளைக் கைவிட்டு, இறங்குவதற்கு வேண்டியவற்றை மாத்திரம் தொடர்ந்தது. அவ்வாறு தொடங்கும்படி முன்கூட்டியே அதனை அமைத்திருந்தார்கள்.

2015 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகளும் போயிங் 787 விமானத்தில் இதையொத்த ஒரு குறையைக் கண்டனர். தொடர்ந்து 248 நாள் மின்சாரம் நிறுத்தப்படாதிருந்தால், உள்ளேயுள்ள ஓர் எண்ணி நிரம்பி வழிந்து, மின்பிறப்பாக்கிகள் யாவும் ஒரே வேளையில் ஓய்ந்துவிடக்கூடும். குறித்த காலத்துக்கொரு முறை மின்சாரத்தை முற்றாக நிறுத்தவேண்டுமென்று அவர்கள் கட்டளையிட்டார்கள். இம்முறை எத்தனை நாள் என்பது எழுதப்பட்டிருந்தது.

தஹ்ரானுக்கு அனுப்பப்பட்ட திருத்திய மென்பொருள் அங்கு போய்ச் சேர்ந்தது பெப்ரவரி 26 ஆம் திகதி.