வெப்ப-உள்கதிர் சிகிச்சை: ஜெர்மனியில் அதன் வரலாறு

கருப்பைவாய், யோனி முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்க் கட்டியை ஏறத்தாழ 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, கட்டிக்குள்ளேயோ அதை ஒட்டியோ கதிர்வீச்சு மூலத்தை வைத்து அழிக்கும் இணை மருத்துவமே வெப்ப-உள்கதிர் சிகிச்சை. ஆக்சிஜன் எட்டாத செல்களும் டிஎன்ஏவைப் படியெடுக்கும் கட்டத்திலுள்ள செல்களும் கதிருக்கு எளிதில் மடிவதில்லை. வெப்பத்துக்கோ அவையே முதலில் பலியாகின்றன. கதிரால் அறுந்த டிஎன்ஏவைச் செல் சரிசெய்துகொள்வதையும் வெப்பம் தடுக்கிறது. இவ்வளவு பொருத்தமான இணை, நூறாண்டுக்கு மேலாகியும் மருத்துவத்தின் ஓரத்திலேயே நிற்பது ஏன்? வெப்பத்துக்கு வலிமை இல்லாமல் அல்ல, அதை அளந்து கொடுக்க இயலாமற்போனதால்தான் என்பதை ஜெர்மானிய வரலாறு காட்டுகிறது.

பான் நகர அறுவை மருத்துவர் வில்ஹெல்ம் புஷ், கடும் காய்ச்சலுக்குப் பின் முகத்துக் கட்டி ஒன்று மறைந்ததை 1866இல் பதிவுசெய்தார். ஸ்டாக்ஹோமின் வெஸ்டர்மார்க், சுடுநீர் ஓடும் குழாய்ச் சுருளால் கருப்பைவாய்ப் புற்றைச் சூடாக்கிய அனுபவத்தை 1898இல் ஜெர்மன் மகளிர் மருத்துவ இதழில் எழுதினார். மியூனிக்கில் கிறிஸ்டோஃப் முல்லர், மின்வெப்பத்தையும் எக்ஸ் கதிரையும் சேர்த்து 100 நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையை 1912இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே காற்று திசைமாறியது. 1913இல் ஹாலே நகரில் கூடிய ஜெர்மன் மகளிர் மருத்துவ மாநாட்டில் பும், டோடர்லைன், க்ரோனிக் ஆகியோர் ரேடியமும் மெசோதோரியமும் கருப்பைப் புற்றில் தந்த பலனை விவரித்தனர். மெசோதோரியம் ஓட்டோ ஹான் 1907இல் கண்டறிந்தது; மோனசைட் மணலிலிருந்து தோரியம் எடுக்கையில் உடன் கிடைப்பது. ரேடியத்தின் எடையையும் அதை வைத்த நேரத்தையும் குறித்துக்கொண்டால் சிகிச்சையை மறுமுறை அப்படியே செய்யலாம். உடலின் ஆழத்தில் வெப்பம் எவ்வளவு சேர்ந்தது என்று காட்டவோ, ரத்த ஓட்டம் அதை அள்ளிச் செல்வதைத் தடுக்கவோ அன்று வழியில்லை. கதிர் முன்னேறியது, வெப்பம் பின்தங்கியது.

செல் ஆய்வுகள் வளர்ந்தபின் வெப்பம் மீண்டது. வெப்பமும் கதிரும் பற்றிய இரண்டாம் பன்னாட்டுக் கருத்தரங்கு 1977இல் எசனில் நடந்தது. எர்லாங்கனில் சாவர், சீகன்ஷ்மீட் ஆகியோர், உள்கதிருக்காகக் கட்டியில் செருகும் குழாய்களையே வெப்பத்துக்கும் பயன்படுத்தும் முறையை வளர்த்தெடுத்தனர். அவர்கள் தொகுத்த நூல் 1993இல் வந்தது. ஒரே குழாய் வழியே மைக்ரோவேவ் ஆன்டெனா, வெப்பமானி, இரிடியம்-192 மூலம் ஆகியவற்றை மாறிமாறிச் செலுத்தலாம். கதிர் படும் இடத்திலேயே சூட்டை அளக்க முடிந்தது இதன் தனிச்சிறப்பு.

சோதனைகள் கைவிட்டனவே என்பது வலுவான மறுப்பு. 184 பேரை உள்ளடக்கிய அமெரிக்க ஆய்வு 1996இலும், சர்வதேச அணுசக்தி முகமையின் 110 பேர் ஆய்வு 2005இலும் வெப்பத்தால் பலன் காணவில்லை. ஆனால் முதலாவதில், சூடேற்றம் போதுமான தரத்தை எட்டியது ஒரே ஒரு நோயாளியிடம். கொடுக்கப்படாத மருந்து பலிக்கவில்லை என்பது மருந்தின் மீதான தீர்ப்பாகாது. 2000இல் வெளியான டச்சு ஆய்வில், 114 கருப்பைவாய் நோயாளிகளிடையே கட்டி முற்றிலும் மறைந்தோர் 57 விழுக்காட்டிலிருந்து 83 ஆயினர். மூன்றாண்டு உயிர்வாழ்வு 27இலிருந்து 51 ஆனது. அங்கே வெப்பம் உடலுக்கு வெளியிலிருந்து தரப்பட்டது என்பதையும், 1999க்குப் பின் கதிருடன் சிஸ்பிளாட்டின் என்னும் வேதி மருந்தைச் சேர்ப்பது வழக்கமாகி, வெப்பம் கூடுதலாகத் தரக்கூடிய பலனின் அளவு சுருங்கியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே வெப்பத்தை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது; சிறுநீரகம் பழுதாகி சிஸ்பிளாட்டின் ஏற்காதவர்கள், கதிர் பட்ட இடத்திலேயே நோய் திரும்பியவர்கள் ஆகியோரிடம்தான் அதன் தேவை மிகுதி. ஜெர்மனியின் கூட்டு மருத்துவக் குழு 2005இல் வெளிநோயாளிக்கான காப்பீட்டிலிருந்து வெப்ப சிகிச்சையை விலக்கியது. அங்குள்ள வல்லுநர் குழு 2012இல் ஆழ்வெப்ப சிகிச்சைக்கான தர நெறிகளை வெளியிட்டது. இவ்விரண்டில், 1912இல் முல்லருக்குக் கிட்டாததைத் தேடிச் செல்வது இரண்டாவது: கட்டியில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்ற பதிவு.