வாசிப்பும் பேஸ்பாலும்

"இவனுக்குப் படித்தால் புரியாது" என்று ஒரு மாணவனை முத்திரை குத்துகிறோமே, அது சரிதானா?

1972-ல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் துணி துவைப்பது பற்றிய ஒரு பத்தியைத் தலைப்பில்லாமல் சிலருக்கு வாசித்துக் காட்டினார்கள். எளிய சொற்கள்தான், ஆனாலும் சரியாகப் புரியவில்லை. தலைப்பை முன்பே சொன்னவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. கடைசியில் சொன்னது உதவவில்லை.

1988-ல் ரெக்ட், லெஸ்லி இருவரும் 64 அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள்!

ஆக, விஷயம் முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் படிப்பது புரிகிறது. புரியாத பாடத்தையே பத்து முறை படிக்காமல், அதன் பின்னணியைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்துப் பாருங்கள் நண்பர்களே. முத்திரை குத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.